உப்பு சீசனில் ஒரு மழைக் கட்டுரை

எங்கள் வீட்டில் தை பிறந்ததிலிருந்து புரட்டாசி முடிகிறவரை மழை என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் இப்படித்தானா என்று நான் விசாரித்ததில்லை. எங்கள் வீட்டில் இப்படி. வானம் கறுத்தால் என் மாமியார், "மேல ஒரு மாதிரியா இருக்குது" என்பார். தூறல் விழுந்தால், "அது வந்துட்டுது" என்பார். டி.வி.யில் வானிலைச் செய்தி ஆரம்பித்ததும் என் கணவர் ரிமோட்டைத் தேடுவார். செய்தி வேண்டாம் என்பதில்லை. மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று செல்போனில் படமாகப் பார்த்துக்கொள்வார். காதால் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சீசன் மும்முரமாக நடந்த மாசி, பங்குனி மாதங்களில், நான் மழையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினேன். வேறு வழி இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

நான் உள்ளூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, முல்லைத் திணைப் பாடல்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். பதிவு செய்தபோது என் பெண் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். இப்போது அவள் பாண்டிச்சேரியில் கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறாள். என் ஆய்வேடு மட்டும் அதே இடத்தில் இருந்தது. எப்படியோ உருட்டிப் புரட்டி முடித்துவிட்டேன். ஒரே ஒரு விஷயம் பாக்கி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது கருத்தரங்கில் படித்து அச்சாகியிருக்க வேண்டும். அது இருந்தால்தான் என் நெறியாளர் கையெழுத்துப் போட முடியும். அவரோ அந்த மே மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அதற்குள் கட்டுரை தேறவில்லை என்றால் வேறு நெறியாளரிடம் போய் நிற்க வேண்டும். அவர் முதலில் இருந்து ஆரம்பி என்றால் ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. அந்தக் கட்டுரை போனால் என் படிப்பு போயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

கருத்தரங்கின் பொருள், இலக்கியத்தில் பருவங்கள். "கார்காலத்த எடுத்துக்குங்கம்மா, உங்க ஆய்வேட்டுலயே பாதி இருக்குது" என்று நெறியாளர் அம்மா சுலபமாகச் சொல்லிவிட்டார். முல்லைத் திணையில் கதை ஒன்றுதான். தலைவன் போர்த்தொழிலுக்குப் போகிறான். கார்காலம் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். தலைவி வீட்டில் காத்திருக்கிறாள். மேகம் திரள்கிறது, முல்லை பூக்கிறது. அவன் தேர் வருகிறதா, இல்லையா என்பதுதான் பாட்டு. மழையை எடுத்துவிட்டால் முல்லையில் ஒன்றுமே இல்லை.

ஆய்வுக் கட்டுரை எழுதுவது என்பது ஒரு தனி நோய். அதில் யாரும் எதையும் சொல்வதில்லை, எல்லாம் சொல்லப்படும். எதுவும் தெரிவதில்லை, எல்லாம் அறியமுடிகிறது. உறுதியாகத் தெரிந்ததைக்கூட எனலாம் என்று முடிக்க வேண்டும், யாராவது சண்டைக்கு வந்தால் பின்வாங்க வசதியாக. முன்னுரை, ஆய்வு நோக்கம், கருதுகோள் என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு போனேன். பள்ளி விட்டு வந்து டீ போட்டுக் குடித்துவிட்டு, சமையலறையை ஒட்டிய அறையில் லேப்டாப்போடு உட்காருவேன். வீட்டில் அந்த நேரம் என்னைக் கேட்பாரில்லை. சீசனில் என் கணவர் விடிவதற்கு முன்பே அளத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறியதும் வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, மறுபடி போய்விடுவார். அவர் வீட்டில் இருக்கும்போது நான் பள்ளியில். நான் வரும்போது அவர் உப்புப் பாத்தியில். இரவில் இரண்டு பேருக்கும் கண் சொருகும். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது என்றால் கல்யாணம், காதுகுத்து எங்காவது வர வேண்டும்.

முதல் வரைவை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். நெறியாளர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். அவர் படிக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. நடுவில் ஓர் இடத்தில் நின்றார். திரும்பவும் அதே பக்கத்தைப் படித்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, பென்சிலால் ஒரு வாக்கியத்தைத் தொட்டார். "கார்மேகத்தைக் கண்டதும் தலைவி அஞ்சுகிறாள். கோடையெல்லாம் பாடுபட்டுச் சேர்த்தது ஒரே பெயலில் கரைந்துபோகும் என்ற அச்சமே இப்பாடல்களின் உள்ளீடு எனலாம்" என்று நான் எழுதியிருந்தேன்.

"எதை சேர்த்து வெச்சிருந்தாங்க அந்தம்மா? எது கரையுது?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தபோது காது வரைக்கும் சூடாகிவிட்டது. பாட்டில் எங்கும் இல்லாத உப்பை நான் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் கொட்டியிருந்தேன். அந்த ஒரு வாக்கியம் மட்டுமில்லை. கட்டுரை முழுவதும் மேகம் வந்தால் துயரம், இடி இடித்தால் இழப்பு, மின்னினால் முடிவு. மழைக்காக ஏங்குகிற ஒரு பெண்ணை மழையைக் கண்டு நடுங்குகிறவளாக ஆக்கி, அதற்கு மேற்கோளும் அடிக்குறிப்பும் வேறு கொடுத்திருந்தேன். அவள் அழுகிற இடங்கள் இருக்கின்றன. ஆனால் மழை வந்துவிட்டதே என்று அழவில்லை. மழை வந்தும் அவன் வரவில்லையே என்று அழுகிறாள். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

"நீங்க வானூர் பக்கம்தானேம்மா, விவசாயக் குடும்பம்னு சொன்னீங்க. நீங்க எப்படி இதை எழுதினீங்க?" என்றார் அம்மா. திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் அப்பா வானூருக்கு உள்ளே ஒரு கிராமத்தில் மானாவாரியாக மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டவர். ஆடி மாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டு அவர் களத்தில் நிற்பது எனக்கு நினைவிருக்கிறது. மழை வந்தால் எங்கள் வீட்டில் பாயசம் வைப்பார்கள். கல்யாணம் ஆகி வந்த புதிதில், மாமியார் மழையை அது என்று சொல்வதைக் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் நான். என் அம்மாவுக்கு போன் பண்ணி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த நான் எங்கே போனேன் என்று தெரியவில்லை. யாரும் என்னை மாற்றவில்லை. எனக்கே தெரியாமல், பாத்தியில் தண்ணீர் சுண்டுகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக மாறியிருக்கிறேன். ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது. இன்னொரு பக்கம், யாருக்கும் சொல்ல முடியாத ஒரு சந்தோஷமும் இருந்தது. இந்த ஊர்க்காரி ஆகிவிட்டேன் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று தோன்றியது.

சந்தோஷத்தை வைத்துக்கொண்டு கட்டுரையைத் தேற்ற முடியாது. அச்சுக்கு அனுப்ப நாள் நெருங்கிவிட்டது. திருத்த உட்கார்ந்தேன். துயரம் என்று இருந்த இடங்களில் எல்லாம் மகிழ்ச்சி என்று மாற்றிப் பார்த்தேன். கட்டுரை தப்பில்லாமல் ஆயிற்று, உயிரில்லாமலும் ஆயிற்று. ஏற்கெனவே பலரும் எழுதியதையே நானும் எழுதியிருந்தேன். நெறியாளர் அம்மா வேறு, மேடையில் தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது, வீட்டில் உரக்கச் சொல்லிப் பழக வேண்டும் என்று சொல்லியிருந்தார். இந்த வீட்டில், இந்த மாதத்தில், உரக்க.

மாமியார் காதில் விழாமல் பின்பக்கம் போய், துவைக்கிற கல்லின் அருகில் நின்று பழகினேன். அங்கேயும் அந்தச் சொல் வந்த இடத்தில் எல்லாம் என் குரல் தானாக இறங்கியது. பழைய பாடல்களில் மழைக்குப் பெயல் என்று ஒரு சொல் உண்டு. அது இங்கே யாருக்கும் தெரியாது என்று துணிந்து பெயல், பெயல் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒரு நாள் என் கணவர் பம்புசெட்டுக்கு ஏதோ எடுக்க வந்தவர் நின்று கேட்டுவிட்டு, "பெயல்னா என்னா?" என்றார். பொய் சொல்ல எனக்கு வராது. சொன்னேன். "அப்ப அதையும் சொல்லாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பங்குனி முடியப்போகிற ஒரு சனிக்கிழமை காலையில் அது வந்தது. கோடையில் வரவே கூடாத மழை. பள்ளி விடுமுறை. நான் பின்பக்கம் நின்று முடிவுரையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் சொட்டு தாளில் விழுந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் சடசடவென்று பிடித்துக்கொண்டது. மாமியார் காயப்போட்ட மிளகாயை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளே போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்த நான், என்னால்தான் வந்தது என்று ஒரு நிமிடம் நிஜமாகவே நம்பினேன். கையிலிருந்த தாளை முந்தானைக்குள் மறைத்தேன்.

மத்தியானத்துக்கு முன்பே என் கணவர் வந்துவிட்டார். தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். கரையில் குவித்திருந்த உப்பைத் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று, பாத்தியில் இருந்தது போயிற்று என்று துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். இனி அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, புதுசாகப் பாய்ச்சி, அது காய்ந்து உப்பு பூக்கிறவரை ஒன்றும் செய்வதற்கில்லை. என்னிடம் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் பாட்டுக்கு உட்கார்ந்து தோசை கேட்டார். சூடாகச் சுட்டுப் போட்டேன். மீன் குழம்பு இருந்தது. நானும் தட்டு வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். மாமியார் மிளகாயைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தார். வெளியே ஓட்டின் மேல் சத்தம் நிற்கவே இல்லை. என் கணவர் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்தார், எழுந்தார், டீ கேட்டார், பெண்ணுக்கு போன் பண்ணி வெகுநேரம் பேசினார். பிறகு என் லேப்டாப்பைப் பார்த்து, அந்தக் கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்டார்.

வந்ததுதான் வந்துவிட்டது, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று முழுக் கதையையும் சொன்னேன். தலைவன் போருக்குப் போனது, சொன்ன பருவம், அவள் காத்திருப்பது, நான் உப்பைக் கொண்டுபோய்க் கொட்டியது எல்லாம். உப்பு விஷயத்தைக் கேட்டு அவருக்கு ஒரே சிரிப்பு. பிறகு கேட்டார்.

"அது பெஞ்சா சண்டை நின்னுடுமா?"

"நின்னுடுங்க. அந்தக் காலத்துல சேத்துல தேரு ஓடாது, யானை நடக்காது. பாசறைய காலி பண்ணிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்."

"அப்ப ராஜாவுக்குதான் நஷ்டம். அவளுக்கு என்னா?" என்றவர், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வந்ததுல இருந்து நானும் பாக்கிறேன். பாத்தி போச்சின்னு நான் உக்காந்துனு இருக்கிறேன், நீ உள்ளுக்குள்ள சிரிச்சிக்கினு இருக்கிற. எனக்குத் தெரியாதா?"

கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது. ஏனென்றால் அது உண்மை. அவருடைய உழைப்பு தண்ணீராய்ப் போனதில் எனக்கு வருத்தம் இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் பட்டப்பகலில் அவர் வீட்டில் இருந்தார். என் எதிரில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டார். அந்த சந்தோஷத்தை என்னால் அடக்க முடியவில்லை. இத்தனை வருஷமாக ஐப்பசி, கார்த்திகையில் சீசன் முடிந்து அவர் வீட்டோடு இருக்கிற நாட்களை நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததால் நினைக்கவும் மறந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து கட்டுரையை மாற்றினேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கார் வெறும் பூக்கிற காலம் இல்லை, தொழில் நிற்கிற காலம். ஒருவனுடைய வேலை கெடுவதால்தான் இன்னொருத்தியின் காத்திருப்பு முடிகிறது. அதனால்தான் அந்தப் பாடல்களில் இடிமுழக்கம் ஒரே சமயத்தில் அச்சமாகவும் ஆறுதலாகவும் ஒலிக்கிறது. பாசறையில் நிற்பவனுக்கு அது ஒரு செய்தி, வீட்டில் இருப்பவளுக்கு வேறு செய்தி. இதை வைத்துக்கொண்டு பாடல்களை மறுபடி படித்தபோது, இதுவரை கண்ணில் படாத வரிகள் எல்லாம் எழுந்து நின்றன. முதல் வரைவில் இருந்த பயத்தையும் முழுக்கத் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை. அது தலைவியின் பயம் இல்லை, பாசறையில் நிற்கிறவனுடையது, அவ்வளவுதான். உப்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

நெறியாளர் அம்மா இந்த முறை படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா இருக்குதும்மா. இந்தக் கருத்து எங்க இருந்து எடுத்தீங்க?"

"வீட்ல இருந்துதான்மா" என்றேன்.

"அதுக்கு அடிக்குறிப்பு போட முடியாதே" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கட்டுரை அச்சுக்குப் போயிற்று.

கருத்தரங்கு சித்திரையில். என் கணவர் அளத்தில் இருந்து அப்படியே வந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பைக்கில் கொண்டுபோய் விட்டார். பாத்திகளில் அப்போதுதான் மறுபடி உப்பு பூக்க ஆரம்பித்திருந்தது. பஸ் ஏறும்போது, "அங்க எதை வேணாலும் பேசு டீச்சர். வரும்போது அதையும் கூட்டிக்கினு வந்துடாத" என்றார். மேடையில் நின்று கட்டுரைத் தலைப்பைச் சொல்லப் போகும்போது எனக்கு வாய் வரவில்லை. 'முல்லைப் பாடல்களில் மழையும் வருகையும்' என்பது தலைப்பு. அத்தனை பேருக்கு எதிரில் முதல் சொல்லிலேயே நின்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெளியே வெயில் கண்ணைக் கூசச் செய்தது. பிறகு தைரியமாகச் சொல்லிவிட்டேன்.

மே மாதக் கடைசியில் நெறியாளர் அம்மா என் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார். அவர் மேசையை ஏற்கெனவே காலி செய்து, புத்தகங்களை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தார்கள். என் ஆய்வேட்டில் போட்டதுதான் அந்த மேசையில் தான் போடும் கடைசிக் கையெழுத்து என்றார். அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். பஸ்ஸில் ஏறியதும் அழுகை வந்தது, நல்ல அழுகைதான்.

கட்டுரை அச்சான தொகுப்பு நூலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சீசன் உச்சத்தில் இருந்தது. அட்டையிலேயே சில கட்டுரைத் தலைப்புகளைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள், என்னுடையதையும் சேர்த்து. மாமியாருக்குப் படிக்கத் தெரியும். என் கணவர் புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். அதில் என் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எங்கேயோ தேடி ஒரு பிரவுன் ஷீட் எடுத்து வந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரி மடித்து, ஒட்டி, அழகாக அட்டை போட்டு, டி.வி. மேல் இருந்த ஷெல்ஃபில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எழுத்து எதுவும் வெளியே தெரியவில்லை. கோடை முழுவதும் அந்தப் புத்தகம் அங்கேயே இருந்தது. வருகிறவர்கள் அது என்ன என்று கேட்டால், டீச்சரோட புக்கு, அப்புறம் காட்டுறேன் என்பார்.

ஐப்பசி பிறந்து கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம், கிழக்கே இருந்து வானம் மொத்தமாக இறங்கியது. உப்பு எல்லாம் லாரி ஏறிப் போயிருந்தது. சீசன் முடிந்தது. நான் பள்ளியிலிருந்து குடையோடு வந்து சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே வீட்டில் இருந்தார். உப்பு வாருகிற பலகையைக் கழுவிப் பரண் மேல் வைத்துவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு, ஷெல்ஃபிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பிரவுன் ஷீட்டைப் பிரித்து எடுத்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"இப்ப படி. எவ்ளோ தடவ வேணா சொல்லு."

மாமியாரும் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஓட்டின் மேல் விழுகிற சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டுமே என்று நான் குரலை உயர்த்திப் படித்தேன். மழை, மழை என்று அந்த வீட்டில் அன்று வாய் நிறையச் சொன்னேன். முன்னுரை, நோக்கம், கருதுகோள் எதையும் விடவில்லை. அவர்கள் இரண்டு பேரும் அடிக்குறிப்பு வரைக்கும் கேட்டார்கள். முடிந்ததும் மாமியார், "அந்தப் பொண்ணோட புருஷன் வந்துட்டானா?" என்று கேட்டார்.

தேர் வருகிறது என்பதோடு சரி, வந்து சேர்ந்தான் என்று நான் எடுத்துக்கொண்ட பாடல் எதிலும் முடிவாகச் சொல்லப்படவில்லை. ஆதாரம் இல்லாத ஒன்றை ஆய்வாளர் சொல்லக் கூடாது. நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டாரு அத்தை" என்றேன்.